உதட்டு அக்கியும் குடுவை அக்கியும்

சர்மிளாவுக்குக் கவலை வந்தால் முதலில் உதட்டோரத்தில்தான் தெரியும். பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பிவிடும். அவள் ஊரான வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் அதற்கு அக்கி என்று பெயர். அவள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் ஹெர்பீஸ் வைரஸ். வேடிக்கை என்னவென்றால், அவளுடைய ஆராய்ச்சியும் அதைப் பற்றித்தான். ஊரில் வேறு ஆராய்ச்சியே இல்லையா என்று அத்தை காளியாயி கேட்காத நாளில்லை.

குடுவையில் உயிர்க்கலங்களை வளர்த்து, அதில் வைரஸை விட்டு, பெருகியதும் கொஞ்சம் எடுத்து அடுத்த குடுவைக்கு மாற்றுவாள். மாதக்கணக்காக இதே வேலை. மனித உடம்பில் பதுங்கிப் பதுங்கிப் பிழைக்கிற வைரஸ், எதிர்ப்பே இல்லாத குடுவையில் சொகுசாக வளர்ந்தால் அதன் மரபணு எப்படி மாறும் என்று பார்க்கத்தான். போன மாதம் நுண்ணோக்கியில் பார்த்தவள் திகைத்துப்போனாள். தனித்தனியாக இருந்த கலங்கள், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் காம்பிரா அறைச் சுவர்களையெல்லாம் இடித்து ஒரே வீடாக்கியதுபோல, ஒன்றாகக் கலந்து பெருத்துக் கிடந்தன. வைரஸ் மாறிவிட்டது என்று துள்ளினாள்.

பேராசிரியர் குணபூசணி துள்ளவில்லை. அவர் பார்வை சர்மிளாவின் உதட்டில் போய் நின்றது. உதட்டு வைரஸ் கைவழியே குடுவைக்குள் போயிருந்தால் இத்தனை மாத உழைப்பும் குப்பைக்குத்தான் என்றார். உதட்டு வைரஸ், குடுவை வைரஸ் இரண்டையும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வீட்டில் இருந்தால் கவலை குறையுமா? கொப்புளம் கன்னம்வரை ஏறியது. மருந்து பூசியிருப்பதாகச் சர்மிளா சொன்னதை அத்தை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கொழுந்தெடுக்கப் போகுமுன் காவியைக் குழைத்து, அக்கி எழுதுகிற வழக்கப்படி அவள் கன்னத்தில் ஒரு சிங்கம் வரைந்தாள். தானாக உதிரும்வரை கழுவக் கூடாது என்று கண்டிப்பு வேறு. ஹெர்பீஸ் ஆராய்ச்சிக்காரி கன்னத்தில் சிங்கத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் பேராசிரியரின் அழைப்பு வந்து வந்து அறுந்தது. லயத்தில் சிக்னல் கிடைக்காது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில்தான் கிடைக்கும்; எழுந்து ஓடினாள். அங்கே பெண்கள் கொழுந்தோடு வரிசையில் நின்றார்கள், அத்தையும் நின்றாள். மூச்சு வாங்க போனை அழுத்திய பிறகுதான் அது வீடியோ அழைப்பு என்று தெரிந்தது.

குணபூசணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"பிள்ளை, அது என்ன முகத்தில?"

"சிங்கம் மேடம்."

"பூனை மாதிரியெல்லோ கிடக்கு."

வரிசையே சிரித்தது. பேராசிரியர் இருமிவிட்டுச் சொன்னார்: "குடுவையில இருக்கிறது எங்கட பழைய வைரஸ்தான். உம்மட உதட்டில இருக்கிறது வேற. கலங்களை ஒட்ட வைக்கிற மரபணுவில ஓரிடம் மாறியிருக்கு. குடுவைக்குள்ளதான் மாறியிருக்கு, பிள்ளை. நீர் சொன்னது சரி."

சர்மிளாவுக்குத் தலைகால் புரியவில்லை. மடுவத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஓடிய வேகத்தில் அத்தையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கப் போனவள், சட்டென்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். அக்கி தொற்றும் என்பது அவளுக்குத் தெரியாதா?

"சிங்கம் வேலைய காட்டிருச்சு பாத்தியா" என்றாள் காளியாயி. "ஏன்டி தள்ளி நிக்கிற? அக்கி ஒன் ஒதட்டுலதான, என் ஒதட்டுக்கு என்ன கேடு?"

சொல்லிவிட்டு மருமகளின் தலையை இழுத்து, நெற்றியில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தாள்.