அரை பாட்டில் கறுப்பு பீர்

எனக்குச் சமையல் வராது. அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. வெட்கப்பட வேண்டியது வேற இருக்கு, அதுக்கு வர்றேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறேன். வர்றவங்க முகத்துல ஃப்ரேமை மாட்டி, கண்மணி எங்கே நிக்குதுன்னு பார்த்து, அந்த இடத்துல லென்ஸ் மேல மார்க்கரால ஒரு புள்ளி வைக்கணும். அந்தப் புள்ளியை நம்பித்தான் உள்ளறையில லென்ஸ் அக்கா கண்ணாடியை வெட்டுவாங்க. புள்ளி கொஞ்சம் தள்ளிப்போனாலும் போடுறவங்களுக்குத் தலை சுத்தும். என் புள்ளி தப்புன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

வர்ற சனிக்கிழமை மத்தியானம் கடையில எல்லாரும் ஆளுக்கொண்ணு செஞ்சு எடுத்துட்டு வந்து ஒண்ணா சாப்பிடலாம்னு பேச்சு வந்துச்சு. "நீ தண்ணி மட்டும் கொண்டு வா தாயே, அதுதான் எங்க வயித்துக்கு நல்லது"ன்னு லென்ஸ் அக்கா ஆரம்பிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "என் கையால ரொட்டி சுட்டு எடுத்துட்டு வர்றேன், பாருங்க"ன்னு சொல்லிட்டேன். வாய் முந்திக்கிறது என் கூடப் பொறந்த வியாதி.

ரொட்டிக்கும் எனக்கும் ஏற்கெனவே ஏழாம் பொருத்தம். ஈஸ்ட் போட்டு மாவை மூடி வச்சுட்டுக் காத்திருந்தா, ஊருக்கெல்லாம் உப்புறது எனக்கு மட்டும் உப்பாது. போன தடவை வந்ததை வச்சு சுவத்துல ஆணி அடிச்சிருக்கலாம். தனியாக் கூப்பிட்டு இதைச் சொன்னதும் அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க.

"ஈஸ்ட்டே வேணாம்டி. மூணு கப் மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை. அதுல அரை பாட்டில் கறுப்பு பீரை ஊத்து. பிசையக்கூட வேணாம், கரண்டியால ஒரு கிண்டு. மேல உருக்கின வெண்ணெய். ஓவன் அடுப்புக்குள்ள தள்ளு, தானா எழும்பும்."

"பீரா?"

"சாராயமெல்லாம் சூட்டுல போயிடும்டி. வாசனை மட்டும் நிக்கும்." மறுநாள் அவங்களே ஒரு பெரிய பாட்டிலைப் பேப்பர்ல சுத்திக் கொண்டு வந்து என் பையில வச்சாங்க.

அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போற வழியெல்லாம் எனக்குத் திக்குதிக்குன்னு இருந்துச்சு. ஏன்னா வீட்டுல அப்பா இருக்கார்.

அப்பா ஒரு காலத்துல பஸ் ஓட்டினவர். குடிச்சுக் குடிச்சே வேலை போச்சு, மரியாதை போச்சு. அம்மா அலமாரியில இருக்கிற பாட்டில்ல எல்லாம் மை பென்சிலால கோடு போட்டு வைப்பாங்க, எவ்வளவு குறைஞ்சுதுன்னு பார்க்க. காலையில கோட்டைக் காட்டிக் கேட்டா, "நான் குடிச்சேனா? எப்போ?"ன்னு அப்பா முழிப்பார். நடிக்கிறார்னு நாங்க நினைப்போம். அம்மா போனப்புறம், யாரும் சொல்லாமலே, ஒருநாள் நிறுத்தினார். நிறுத்தினது நிறுத்தினதுதான். பார்க்கத்தான் அம்மா இல்ல.

என் வீட்டுக்காரருக்கு வெளியூர்ல வேலை. நான் காலையில கிளம்பினா பொழுது சாய்ஞ்சுதான் வருவேன். அதனால என் பொண்ணு குட்டியைப் பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டிட்டு வர்றது அப்பா பொறுப்பு. பொறுப்புன்னா சாதாரணமா இல்ல, அவருக்கு அது உத்தியோகம். அதுக்காகச் சட்டைக்கு இஸ்திரி போடுவார். மணி அடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே போய் கேட்டுல நிப்பார். அவர் கையில குழந்தையை ஒப்படைக்க எனக்கு எத்தனையோ வருஷம் ஆச்சு. ஒப்படைச்ச அன்னைக்கு அவர் குட்டியோட பையை வாங்கித் தோள்ல மாட்டப் பார்த்தார். அவ்வளவு சின்னப் பை அது, அவர் முழங்கைக்கு மேல ஏறல.

செவ்வாய்க்கிழமை காலையில ஒத்திகை பார்த்தேன். சனிக்கிழமை மானம் போகக்கூடாதே. குட்டியைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்து, மாவைக் கலந்து பீரை ஊத்தினேன். பாட்டில் கொடக்கொடக்குன்னு கக்கிச்சு, மாவு சுறுசுறுன்னு பொங்கிச்சு. அந்த நேரம் பார்த்து அப்பா சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னார். நான் பாட்டிலை முதுகுக்குப் பின்னாடி மறைச்சேன்.

"என்னம்மா ஊத்துற?"

"சோடா."

யார்கிட்ட சொல்றேன் பாருங்க. வாசனையை வச்சே எந்தக் கம்பெனின்னு சொல்லக்கூடிய மனுஷன்கிட்ட. அப்பா "சரிம்மா"ன்னுட்டுப் போயிட்டார்.

ரொட்டி வந்துச்சு பாருங்க! மேல முறுமுறுன்னு பிளந்து, உள்ளே பழுப்பா, மெத்துமெத்துன்னு. எனக்கே நம்ப முடியல. அப்பாவுக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டுப் போனேன். "எனக்கு வேணாம்மா, வயிறு சரியில்ல"ன்னார். கீழ் வீட்டு டீச்சருக்குக் கொஞ்சம் குடுத்தேன். மிச்ச அரை பாட்டிலை சனிக்கிழமை ரொட்டிக்கு வச்சுக்கலாம்னு வாயில ஃபாயில் சுத்தி, மைதா டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சேன்.

ஒளிக்கிறதுக்கு முன்னாடி, ரொட்டிக்கு ஊத்தின கையோட, இன்னொண்ணும் செஞ்சிருந்தேன். பாட்டிலை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, கறுப்பு எதுவரைக்கும் நிக்குதோ அந்த இடத்துல, கடை மார்க்கரால ஒரு புள்ளி வச்சேன். யோசிச்செல்லாம் வைக்கல. கை தானா வச்சுது. அம்மா கையா என் கையான்னு எனக்கே தெரியல.

சாயங்காலம் கடையிலேருந்து வந்தவுடனே, செருப்பைக்கூட ஒழுங்காக் கழட்டாம, நேரா டப்பாவை நகர்த்திப் பாட்டிலை எடுத்தேன். புள்ளி மேல இருக்கு. பீர் ரெண்டு விரல் கீழ இருக்கு.

அதுக்கப்புறம் நான் பேசினதை நினைச்சா இப்பவும் காது கொதிக்குது. கூடத்துல அப்பா குட்டிக்குப் பென்சில் சீவிக்கிட்டிருந்தார். தட்டைத் திருப்பிக் குடுக்க வந்த டீச்சர் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. நான் யாரையும் பார்க்கல. பாட்டிலை அவர் முன்னாடி டொக்குன்னு வச்சேன்.

"இது என்னப்பா?"

அவர் பாட்டிலைப் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார். அதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப் போச்சு. "இல்லையேம்மா"ன்னார். குரலே எழும்பல.

"இல்லையா? அப்ப பேய் வந்து குடிச்சுதா? குடிச்சுட்டா போய் என் குழந்தையைக் கூட்டிட்டு வந்தீங்க? அத்தனை வண்டி போற ரோட்டுல?"

"நான்..."

"ஊதுங்க."

ஊதினார். என் அப்பா, பேத்தி முன்னாடி, கீழ் வீட்டுக்காரங்க முன்னாடி, வாயைத் திறந்து என் முகத்துல ஊதினார். கிராம்பு வாசனைதான் வந்துச்சு. பல்வலிக்கு எப்பவும் வாயில ஒண்ணு அடக்கி வச்சிருப்பார். "கிராம்பைப் போட்டு மறைச்சுட்டீங்க, பழைய வித்தையாச்சே"ன்னேன். நாக்குல நரம்பில்லாதவ நான்.

அவர் அப்புறம் பேசவே இல்ல. உள்ளங்கை ரெண்டையும் விரிச்சு வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தார். மௌனம் சம்மதம்னு நான் முடிவு கட்டினேன். "இனிமே குட்டியை நான் கூட்டிட்டு வர்றேன். நீங்க போக வேணாம்"னு சொல்லிட்டு, மிச்ச பீரைக் கழுவுற தொட்டியில கவிழ்த்தேன். டீச்சர் தட்டை ஓரமா வச்சுட்டு நழுவிட்டாங்க. குட்டி மட்டும், "தாத்தா என்ன பண்ணினாரு?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா.

அடுத்த நாள்லேருந்து கடையில அனுமதி கேட்டு நடுவுல பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். கேட்டுல இருக்கிற வாட்ச்மேன், "தாத்தாவுக்கு உடம்பு சுகமில்லையா?"ன்னு கேட்டார். ஆமான்னு தலையாட்டினேன். குட்டியை வீட்டுல விட்டு, டீச்சர்கிட்ட ஒரு கண் பார்த்துக்கச் சொல்லிட்டுத் திரும்ப ஓடினேன். சொந்தத் தாத்தா அதே வீட்டுல உட்கார்ந்திருக்கும்போதே. பள்ளிக்கூடம் விடுற நேரம் ஆனா அப்பா இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்திருப்பார். எங்கேயும் போகமாட்டார்.

வெள்ளிக்கிழமை லென்ஸ் அக்கா இன்னொரு பாட்டில் குடுத்தாங்க. முதல் பாட்டில் என்னாச்சுன்னு கேட்டதுக்குக் கை தவறி உடைஞ்சுடுச்சுன்னேன். சாயங்காலம் மாவைக் கலந்தேன், சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கிட்டேன். திருடன் இருக்கிற வீடாச்சே! பாதியை ஊத்தினேன். பாட்டிலைத் தூக்கிப் பார்த்துப் புள்ளி வச்சேன். அப்புறம் மாவைக் கிண்டி, டின்னுல கொட்டி, வெண்ணெயை உருக்கி மேல ஊத்தி, அடுப்புக்குள்ள தள்ளிட்டுத் திரும்பினேன்.

பாட்டில் என் கண்ணு முன்னாடியேதான் இருந்துச்சு. கதவு சாத்தினபடியே இருந்துச்சு. புள்ளி மேல. பீர் ரெண்டு விரல் கீழ.

முதல்ல புரியல. ஓட்டையான்னு பாட்டிலைத் தடவிப் பார்த்தேன், காய்ஞ்சுதான் இருந்துச்சு. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தப்போதான் தெரிஞ்சுது. பீருக்கு மேல ஒரு சின்ன வெளுத்த வளையம், அதுவும் படக்படக்னு உடைஞ்சுக்கிட்டே கீழ இறங்குது. நுரை. கவிழ்த்து நிமிர்த்தினதும் உள்ளே பொங்கி நிக்குற நுரை. கறுப்புக் கண்ணாடியில நுரை எது, பீர் எதுன்னு தெரியாது. நான் நுரை தலையில புள்ளி வச்சிருக்கேன். அது அடங்கிட்டுது, அவ்வளவுதான்.

உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அடிப்பாவி, அடிப்பாவின்னு என்னையே நான் திட்டிக்கிட்டேன். அப்பாவைக் கூப்பிட வாய் வரல. நானே போனேன்.

அவர் அறையில கட்டில் ஓரமா உட்கார்ந்து துணி மடிச்சுக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னார். இந்த நாலு நாளா நான் உள்ளே போனா எழுந்துதான் நிக்கிறார்.

"அப்பா, அது நுரைப்பா. பீர் குறையல. நான்தான் நுரையைப் பார்த்துக் குறி வச்சுட்டேன். நீங்க அதைத் தொடவே இல்லப்பா."

திட்டுவார்னு நினைச்சேன். திட்டினா நல்லாருக்கும்னு நினைச்சேன். அவர் கையில இருந்த துண்டைப் பாதி மடிச்சபடி நின்னார்.

"அப்ப நான் குடிக்கலையாம்மா?"

"என்னப்பா கேக்குறீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

"நீ அவ்வளவு உறுதியாச் சொன்னியேம்மா." மெதுவாப் பேசினார். "அன்னைக்கு மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தேன். எழுந்தப்போ நாக்கு கசப்பா இருந்துச்சு. நீ பாட்டிலைக் கொண்டு வந்து வச்சதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. அந்தக் காலத்துலயும் இப்படித்தான்மா. குடிச்சது எனக்குத் தெரியாது. உங்கம்மா கோட்டைக் காட்டித்தான் தெரியும். அவ சொன்னது ஒருநாளும் பொய்யானதில்ல. அதான், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், நான்தான் எழுந்து போய்க் குடிச்சிருக்கேன்னு நினைச்சேன். இத்தனை வருஷம் விட்டதும் வீணாப் போச்சேன்னு..."

நாலு நாளா அவர் என் மேல கோபமா உட்கார்ந்திருக்கார்னு நினைச்சேனே! அவர் தன்னைப் பார்த்தே பயந்துபோய் உட்கார்ந்திருக்கார்.

மன்னிச்சிடுங்கப்பான்னு சொன்னேன். எங்க வீட்டுல யாரும் யார்கிட்டயும் சொல்லாத வார்த்தை. அது போதாதுன்னு எனக்கே தெரிஞ்சுது. கத்தினது எல்லார் காதுலயும் விழுந்துச்சே, இது மட்டும் ரகசியமா நடந்தா எப்படி? குட்டியைக் கூப்பிட்டேன். மாடிப்படிக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, கீழ டீச்சருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன். "தாத்தா குடிக்கல. அம்மாதான் தப்பாப் பார்த்துட்டு, தாத்தாவை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். தப்பு என்னோடது."

குட்டிக்கு என் மன்னிப்பெல்லாம் பெரிசாப் படல. நேரா அவர்கிட்ட போனா.

"அப்ப திங்கக்கிழமை நீ வருவியா தாத்தா?"

அப்பா "அம்மாவைக் கேளு"ன்னார்.

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தாங்க. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு தெரியல. ஆனாலும் நான்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு.

"வருவாரு"ன்னேன்.

அப்பா முகம் தெளிஞ்சுது. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, என்னைப் பார்த்து, ஏதோ ஆபீசர்கிட்ட நிக்கிற மாதிரி நின்னு சொன்னார்.

"ரொம்ப நன்றிம்மா."

பெத்த அப்பா எனக்கு நன்றி சொன்னார். நான் அதைக் கேட்டுக்கிட்டு நின்னேன்.