அம்சவல்லியின் எட்டு நகல்கள்

ரிங்லெட் பஸ் நிலையத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பது அம்சவல்லிகள் நின்றார்கள். எட்டுப் பேர் போட்டோஸ்டேட் தாள்போலச் சாம்பல் நிறம். ஒன்பதாவது ஆள்தான் நம் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தவள். முட்டைக்கோஸ் கிலோ இரண்டு வெள்ளிக்கு விற்ற வாரம் அது.

அவள் கை தாராளம், கண்ணுங்களா. சிம் கார்டு விற்பவன், குலுக்கல்காரன், இலவச அரிசி லோரிக்காரன் என்று கேட்டவனுக்கெல்லாம் தன் அடையாள அட்டையான ஐசியின் நகலைக் கொடுத்தாள். நகலில் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்கென்று எழுதிக் கொடுங்கள் என்று விக்னேஸ்வரி டீச்சர் தலைபாடாக அடித்துக்கொண்டார். "என் மூஞ்சியில கோடா? நான் என்ன செத்தா போயிட்டேன், டீச்சர்?" என்றாள் இவள். கொடுத்த நகல்கள் ஒவ்வொன்றாக எழுந்து நடந்தன. ஒருத்தி கிளினிக்கில் இவள் மாத்திரையை வாங்கிப் போனாள். இன்னொருத்தி கம்போங் ராஜாவில் இவளுக்கு ஒதுக்கிய வீட்டின் சாவியையே வாங்கிவிட்டாள். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அம்சவல்லிக்கு வேறு கூரை இல்லை.

அரசாங்கம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இறுக்கிய சமயம் அது. அந்தத் தைரியத்தில் வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்குப் போய்த் தன் வீட்டு நம்பரைக் கேட்டாள். கவுண்டரில் இருந்த தினேஸ்வரன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சொல்ல முடியாதும்மா, தனிநபர் விவரம்லா. அம்சவல்லி சம்மதிக்கணும்."

"நான்தான்டா அம்சவல்லி!"

"காலையிலேர்ந்து மூணு பேரு இதத்தான் சொன்னாங்க. புகார்னா ஒரு ஐசி நகல் குடுத்துட்டுப் போங்க."

காலில் ஏறிய அட்டையைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். "இன்னொருத்திய பெத்து ஒன்கிட்ட குடுக்கவா? ஒன் மூஞ்சியவே போட்டோஸ்டேட் எடுத்து வச்சுக்க, போ."

அன்றே கம்போங் ராஜா போய் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். முப்பத்தோராவது கதவைச் சாம்பல்காரி திறந்து, "என் சம்மதம் இல்லாம உள்ள வராத" என்றாள். இவள் அவள் கொண்டையைப் பிடித்தாள். தாள் கசங்கும் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. போலீஸ்காரர் வந்து இரண்டு ஐசியையும் பார்த்தார். ஒரே நம்பர். இதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று சொல்லி, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வருஷம் இரண்டாகிறது. கூடமும் அறையும் அம்சவல்லிக்கு, அடுப்படி சாம்பல்காரிக்கு. பேச்சுவார்த்தை கிடையாது, நடுக்கதவுக்கு இருபக்கமும் பூட்டு. அக்கம்பக்கத்தார் கல்யாணத்துக்குப் பத்திரிகை ஒன்று வைக்கிறார்கள், இலை இரண்டு போடுகிறார்கள்.