தாழிக்குள் வான்கோழி

லியாவின் கடையில் முழு வான்கோழி கேட்ட முதல் ஆள் லொரேன் பிக்கெட்தான். வான்கோழியை வேகவைத்து, நார்நாராகப் பிய்த்து, சோற்றின்மேல் பரப்பி, வறுத்த சின்ன வெங்காயத்தோடு கொடுப்பதுதான் லியாவுக்கு முப்பது வருஷமாகத் தொழில். தைவானின் ஜியாயி ஊரில் பாதிப்பேருக்கு அதுதான் காலை ஆகாரம்.

"முழுசாவா?" லியாவ் கத்தியைக் கீழே வைத்தார். "எந்தச் சாமிக்குப் படையல், டீச்சர்?"

"சாமிக்கு இல்லண்ணே. எங்க அமெரிக்காவுல இது பண்டிகை. நன்றி சொல்ற நாள்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

"அப்ப மத்த நாள்ல சொல்ல மாட்டீங்களா?"

லொரேன் சிரித்துக்கொண்டே பர்ஸைத் திறந்தாள். டியூஷன் சென்டரில் இங்கிலீஷ் சொல்லித்தர அயோவாவிலிருந்து தைவானுக்கு வந்து மூன்று வருஷம். முதல் இரண்டு வருஷமும் பண்டிகை வரும் அந்த நவம்பர் வியாழக்கிழமையில் தனியாக உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சினாள். இந்த வருஷம், வியாழன் போனால் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூட்டி விருந்து வைத்தே தீருவது என்று முடிவு கட்டியிருந்தாள். அவள் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் மேசைக்கு வரும் மகாராஜா அந்தப் பறவை. அதை இங்கே பல் தேய்த்த கையோடு தின்கிறார்கள் என்பதை அவள் யோசித்திருக்கவில்லை.

"சுட்டா வறண்டு போயிடும். துடைப்பத்தைத் தின்ன மாதிரி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பத்து கிலோ பறவை ஒன்றை லியாவ் எடுத்துவைத்தார். "எனக்கென்ன, நானும் வர்றேன். பாக்கணும்ல."

அடுத்த சிக்கல், சுடுவது எங்கே என்பது. லொரேனின் சமையலறையில் ஒரு அடுப்பும் ஒரு ரைஸ் குக்கரும்தான். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி குவோ அக்கா வழி சொன்னாள். "என் தங்கச்சி புருஷன் ஆ-ஹூய் ஊருக்கு வெளியே மண்தாழியில கோழி சுடறான். ஒரு நாளைக்கு நாப்பது கோழி வேகுது, உன் ஒத்தக் கோழி வேகாதா? விருந்தையும் அங்கயே வச்சுக்கோ."

ஞாயிறு காலை இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். குவோ அக்கா ஓட்டினாள். லொரேன் பின்னால் உட்கார்ந்து, மழைக்கோட்டில் சுற்றிய வான்கோழியை மடியில் இறுக்கி அணைத்துக்கொண்டாள். சிக்னலில் போலீஸ்காரர் கை காட்டினார்.

"குழந்தைக்கு ஹெல்மெட் எங்கம்மா?"

"குழந்தை இல்ல சார், கோழி" என்றாள் குவோ அக்கா.

அவர் மழைக்கோட்டை லேசாக விலக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு காலைக் கண்டதும் சட்டென்று மூடிவிட்டார். "போங்க, போங்க."

ஆ-ஹூய் வான்கோழியைப் பார்த்தார், தாழியைப் பார்த்தார், மறுபடி வான்கோழியைப் பார்த்தார். கால்களைச் சணல்கயிற்றால் ஒன்றாகக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் அமுக்கி, எப்படியோ தாழியின் வாய்க்குள் அதை இறக்கினார்கள். தாழியைச் சுற்றிக் கட்டை எரிந்தது. வாசனை அடுத்த தெரு வரைக்கும் போனது. மூன்று மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால், சூட்டில் கயிறு கருகி அறுந்துபோயிருந்தது. வான்கோழி இரண்டு காலையும் அகட்டி, தொப்பையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே சொகுசாக உட்கார்ந்திருந்தது. எந்தப் பக்கம் இழுத்தாலும் வெளியே வருவதாக இல்லை.

அந்த நேரம் பார்த்து லியாவ் வந்து சேர்ந்தார். கையில் பெரிய டப்பா நிறையத் தன் கடை வான்கோழி. "எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டாந்தேன்" என்றவர் தாழிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்ததை அவரால் மறைக்க முடியவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன்ல!"

ஆ-ஹூய் ஒரு காலைப் பிடித்து மூச்சுக்கட்டி இழுத்தார். கால் மட்டும் கையோடு வந்தது. அவர் மல்லாந்து கரிக்குவியலில் விழுந்தார்.

"தாழிய உடைச்சிடுவோம்" என்றாள் குவோ அக்கா.

"உங்க தங்கச்சியக் கட்டினப்ப உங்கப்பா குடுத்த தாழி அண்ணி இது!" என்று ஆ-ஹூய் ஓடிவந்து தாழியைக் கட்டிக்கொண்டார். சூடு தாங்காமல் உடனே விட்டும்விட்டார்.

கடைசியில் லொரேன் சட்டைக்கையை மடித்துக்கொண்டு, நீளமான இடுக்கியும் கத்தரிக்கோலுமாகத் தாழிக்குமேல் குனிந்தாள். பிரசவம் பார்ப்பதுபோல ஒவ்வொரு துண்டாக வெளியே எடுத்தாள். மற்ற மூவரும் தட்டை நீட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். மேசை, நாற்காலி, பூ அலங்காரம் என்று அவள் போட்டிருந்த திட்டமெல்லாம் காற்றில் போயிற்று. லியாவ் ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினார்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரா நன்றி சொல்றதுதான் எங்க வழக்கம்" என்றாள் லொரேன். "சாப்பிட்டே முடிச்சிட்டோம், பரவாயில்ல. குவோ அக்கா, போன புயல்ல என் ஜன்னலுக்குப் பலகை அடிச்சுக் குடுத்தீங்க. அதுக்கு நன்றி."

குவோ அக்கா பதறிவிட்டாள். "சேச்சே! நான் என்ன பண்ணிட்டேன்? எனக்கு முட்டி வலி வந்தப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நீ. நன்றி நான்தான் சொல்லணும்!"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. லியாவ் அண்ணன் கோழி குடுத்தாரு..."

"கோழியா? தாழி குடுத்தவன் அவன்! அவனுக்குச் சொல்லு!" என்றார் லியாவ்.

"தாழி சும்மாதானே கெடந்துச்சு! ஞாயித்துக்கிழமை கடைய மூடிட்டு வந்தது நீங்கண்ணே!" என்றார் ஆ-ஹூய்.

ஓட்டலில் பில்லுக்குச் சண்டை போடுவதைப்போல நன்றியை ஒருவர்மேல் ஒருவர் தள்ளினார்கள். குவோ அக்கா லொரேனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்குமேல் தலையை நீட்டினார்.

"என்ன சண்டை அங்க?"

"சண்டை இல்ல, நன்றி சொல்றோம்!" என்று லொரேன் கத்தினாள்.

"அதுக்கு ஏன் இந்தக் கத்து?"

அயோவாவில் கண்ணை மூடி, குழம்பு ஆறுவதற்குள் மடமடவென்று ஒப்பித்துவிட்டு ஸ்பூனை எடுப்பார்கள். சொன்ன நன்றிக்கு எதிர்ச்சண்டை போட்டு அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. சிரிப்பு அடக்க முடியாமல் வந்து, கண்ணில் நீர் கட்டியது. கரி படிந்த முழங்கையால் கண்ணைத் துடைத்ததில் முகம் முழுக்கக் கறுப்பாயிற்று.

மிச்சக் கறியை யாரும் வாங்க மாட்டேன் என்றார்கள். லொரேன் அதை ஒரு பையில் போட்டு லியாவின் ஸ்கூட்டரில் யாருக்கும் தெரியாமல் மாட்டிவிட்டாள். திங்கள் காலை அது அவள் கதவுக் கைப்பிடியில் தொங்கியது. சாயங்காலம் அவர் கடை ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைத்தாள். செவ்வாய் காலை மறுபடியும் கதவில் தொங்கியது. சாயங்காலம் மறுபடியும் ஃபிரிட்ஜுக்குப் போனது.

புதன்கிழமை லியாவ் டியூஷன் சென்டருக்கே வந்து, ஒரு பாத்திரத்தை அவள் கையில் திணித்தார்.

"அந்தக் கறியப் போட்டுக் கஞ்சி காய்ச்சிட்டேன். இனி திருப்பிக் குடுக்க முடியாது பாரு."

அவள் வாயைத் திறந்தாள்.

"கஞ்சி குடிக்க மட்டும் வாயத் தொற" என்று சொல்லிவிட்டு, அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு ஓடியே போய்விட்டார்.