பெரிய சிப்பிகளுக்கு ஒரு ஊர்

கேப்டன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி காதில் வைத்துக்கொண்டாள். மறுமுனையில் பேசிக்கொண்டிருந்தவர் துறைமுக நகரத்து ஓட்டல்களுக்குச் சிப்பி வாங்கிக் கொடுக்கும் ஏஜென்ட்.

"ரொம்பப் பெருசா இருக்கும்மா. இங்க வர்றவங்க போட்டோ எடுத்துட்டு ஒரே வாய்ல முழுங்கறவங்க. இதைக் கடிச்சு மெல்லணும். யாரு மெல்லுவாங்க?"

"மழை பெஞ்சதுக்கு நான் என்னங்க பண்றது?"

"நான் மழையைக் குத்தம் சொல்லல. சைஸைச் சொல்றேன்."

கேப்டன் என்பது பண்ணையில் வேலை பார்ப்பவர்கள் வைத்த பட்டம். படகை ஓட்டுவதும் அவள்தான், ஆட்களை ஓட்டுவதும் அவள்தான். அவளும் அவள் தம்பியும் சேர்ந்து கழிமுகத்தில் சிப்பி வளர்த்தார்கள். நீரில் இழுத்துக் கட்டிய கயிறுகளில் வலைக்கூடைகள் தொங்கும். நகத்தளவு குஞ்சுகளை அவற்றில் போட்டுவிட்டால், அலையில் உருண்டு உருண்டு, ஓட்டின் விளிம்பு தேய்ந்து, நீளமாகப் போகாமல் கிண்ணம்போல் குழிந்து வளரும். நகரத்துக்காரர்களுக்கு அந்தக் குட்டிக் கிண்ணம்தான் வேண்டும். இந்த வருஷம் எடுக்கவேண்டிய நேரம் பார்த்துப் பேய்மழை கொட்டியது. ஆற்றுச் சேறெல்லாம் கழிமுகத்தில் வந்து இறங்கியது. தண்ணீர் பரிசோதனையில் தேறும்வரை ஒரு சிப்பியையும் எடுக்கக் கூடாது என்று மீன்துறை உத்தரவு போட்டது. அந்த உத்தரவு சிப்பிகளுக்குப் போய்ச் சேரவில்லை. அவை பாட்டுக்குத் தின்று கொழுத்துக்கொண்டிருந்தன. தடை நீங்கி எடுத்தபோது ஒவ்வொன்றும் உள்ளங்கையை நிறைத்தது.

தரம் பிரிக்கும் கொட்டகையில் மேஜை நிறையச் சிப்பியைக் கொட்டி வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன், தம்பி, தம்பியின் மனைவி. இந்த மூன்றாவது ஆளுக்கும் ஒரு பெயர் கிடைத்திருந்தது: ஷூக்காரி. கல்யாணத்துக்கு முன் உள்நாட்டில், கடலை டிவியில் மட்டுமே பார்க்கும் ஊரில், ஒரு செருப்புக்கடையில் விற்பனையைக் கவனித்துக்கொண்டிருந்தவள் அவள்.

"வடக்குத் தீவுல பெருசு வாங்குவாங்களே, அக்கா?" என்றான் தம்பி.

"வாங்கினாங்க. இப்ப அங்கயே பண்ணை போட்டுட்டாங்க. நம்மளைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

"சிப்பி சாஸ் காய்ச்சற கம்பெனி?"

"அவனுக்குச் சதை மட்டும் போதும். உக்காந்து உடைச்சுக் குடுத்தா நம்ம விரல்தான் மிச்சம்."

ஷூக்காரி ஒரு சிப்பியைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். நல்ல கனம். "எங்க ஊருக்குக் கொண்டு போலாமே அண்ணி," என்றாள்.

கேப்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க ஊர்ல கடலே இல்லையே."

"இல்லாததாலதான் சொல்றேன். எந்த சைஸ் சரியான சைஸ்னு அங்க யாருக்கும் தெரியாது."

கேப்டனின் சிரிப்பு பாதியில் நின்றது. தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா சிப்பியைப் பார்த்தாள்.

யோசனையைச் சொன்ன ஷூக்காரியிடம் ஒரு ரகசியம் இருந்தது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் ஒரு சிப்பிகூடச் சாப்பிட்டதில்லை. பார்த்தாலே உடம்பு கூசும். சாப்பாட்டு நேரத்தில் கேப்டன் நல்லதாகப் பார்த்துத் திறந்து அவள் தட்டில் வைப்பாள். அந்தப் பக்கம் திரும்பியதும் அது புருஷன் தட்டுக்குப் போய்விடும். அவனும் சத்தம் போடாமல் விழுங்கிவிடுவான். அப்படி ஒரு ஒப்பந்தம்.

ஷூக்காரியின் ஊர்ச் சனிக்கிழமைச் சந்தைக்குப் பெண்கள் இருவரும் வேன் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பெட்டிகளில் ஐஸ் பரப்பி, ஈரச்சாக்கு போர்த்தி, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கிய சிப்பிகள் பின்னால் வந்தன. அவளுடைய பழைய முதலாளி தன் செருப்புக்கடை வாசலிலேயே மேஜை போட இடம் கொடுத்தார். சிப்பியைப் பார்த்தவர், "இதுக்கு நீ செருப்பே வித்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கேப்டன்தான் முதலில் ஆரம்பித்தாள். குரலுக்குக் குறைச்சல் இல்லை. "உயிரோட இருக்கு, வாங்க. பாருங்க, தட்டினா வாயை மூடும். நேத்து வரைக்கும் கடல்ல இருந்தது. அப்படியே சாப்பிடலாம்."

ஒரு அம்மாள் அருகில் வந்தாள். கேப்டன் லேசாக வாய் பிளந்திருந்த ஒன்றைத் தட்டிக் காட்டினாள். அது மெல்ல மூடிக்கொண்டது. அந்த அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

"உயிரோட இருக்குன்னு சொல்லாதீங்க அண்ணி."

"பின்ன? செத்துப்போச்சுன்னு சொல்லவா?"

வந்தவர்கள் எல்லாம் எட்ட நின்று வேடிக்கை பார்த்தார்கள். கிட்டே வந்தவர்கள் ஓட்டைத் தொட்டுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டு போனார்கள். கேப்டன் முகம் சுண்டிப்போனது. புயலில் படகு ஓட்டியவள், ஆள் நடமாட்டத்தின் நடுவே கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அதைப் பார்க்க ஷூக்காரிக்கு மனசு கேட்கவில்லை. கடைக்குள் போய், கால் அளவு பார்க்க ஆளை உட்கார வைக்கும் குட்டை ஸ்டூல்கள் இரண்டைத் தூக்கிவந்து மேஜைக்கு முன்னால் போட்டாள்.

"நின்னுட்டிருக்கறவங்க போயிடுவாங்க. உக்கார வச்சிட்டா பேசலாம்," என்றாள்.

முதலில் உட்கார்ந்தவர் எதிர்ச் சந்தில் க்ளினிக் வைத்திருந்த பல் டாக்டரம்மா. கையில் காய்கறிப் பை. கால் வலிக்கிறது என்றுதான் உட்கார்ந்தார். கேப்டன் சிப்பியின் இரண்டு ஓடுகளும் இணையும் பின்மூட்டில் கத்தியை நுழைத்துத் திருகுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "குடுங்க இங்க," என்று கையை நீட்டினார். ஒரு திருகு, ஒரு நெம்பு. மூடி கழன்று வந்தது.

"இதைவிடப் பிடிவாதமான வாயெல்லாம் நான் திறந்திருக்கேன்," என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கூட்டம் கொஞ்சம் நெருங்கியது. கேப்டன் கத்தியைத் திரும்ப வாங்கி அடுத்ததைத் திறக்கத் தொடங்கினாள். டாக்டரம்மா உள்ளே குனிந்து பார்த்துவிட்டு ஷூக்காரியிடம் நிமிர்ந்தார். "உன்னை எனக்குத் தெரியும். என் கல்யாணச் செருப்பு உன்கிட்டதான் வாங்கினேன். கடிக்கும், வேண்டாம்னு ரெண்டு ஜோடியை நீயே திருப்பி வச்சே. உண்மையைச் சொல்லு. நீ இதைச் சாப்பிடுவியா?"

ஷூக்காரி வாயைத் திறந்தாள். பொய் நாக்கு நுனிவரை வந்தது, அதற்குமேல் வரவில்லை.

"இல்ல டாக்டர். இதுவரைக்கும் ஒண்ணுகூடச் சாப்பிட்டதில்ல."

பின்னால் கேப்டனின் கத்திச் சத்தம் நின்றுவிட்டது. ஷூக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை. டாக்டரம்மா திறந்து வைத்த சிப்பியை எடுத்தாள், கண்ணை மூடிக்கொண்டு வாயில் சரித்தாள்.

முதலில் குளிர்ச்சி. அப்புறம் உப்பு, அலை முகத்தில் அடித்தால் உதட்டில் தங்குமே, அந்த உப்பு. அடுத்தது ஒரு வழவழப்பு, அதை எங்கே தள்ளுவதென்று நாக்குக்குத் தெரியவில்லை. சின்னதாக இருந்திருந்தால் விழுங்கித் தொலைத்திருக்கலாம். மெல்ல வேண்டியிருந்தது. மென்றாள். கண்ணில் நீர் கட்டியது. சந்தையே அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு இனிப்பு வந்து போனது. விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?"

"ருசி நல்லாத்தான் இருக்கு. வழவழப்புதான் பிடிக்கல."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தன் சரக்கு தனக்கே பிடிக்கவில்லை என்று சொன்ன வியாபாரியை அந்தச் சந்தை பார்த்ததில்லை. ஷூக்காரி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு திரும்பினாள். "அண்ணி, இதைத் தீயில போட்டா வழவழப்பு போயிடுமா?"

கேப்டன் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, வேனில் டீ போட வைத்திருந்த அடுப்பைக் கொண்டுவந்து பற்றவைத்தாள்.

"போயிடும். சின்னதைப் போட்டா சுருங்கி ஒண்ணுமில்லாம ஆயிடும். இது நிக்கும்," என்றாள் அடுப்பைப் பார்த்தபடி.

பக்கத்து ரொட்டிக் கடையிலிருந்து வெண்ணெய் வந்தது. பூண்டும் மிளகும் டாக்டரம்மாவின் பையிலிருந்தே வந்தன. சிப்பிகள் தங்கள் ஓட்டுக்குள்ளேயே கொதித்து, ஓரம் சுருண்டு, வாசனை சந்தின் கோடிவரை போனது. கடைக்குள்ளிருந்து பழைய முதலாளியே வெளியே வந்தார். அதற்குப்பிறகு ஸ்டூலுக்கு அடிதடி. கத்தி கை மாறிக் கை மாறிப் போனது. எனக்கு ஒண்ணு, நான் ஒண்ணு என்று ஆளாளுக்குத் திறந்து பார்த்தார்கள். பச்சையாகச் சாப்பிடுகிறேன் என்று ஒரு இளைஞன் பந்தயம் கட்டி ஜெயித்து, அப்புறம் தண்ணீர் கேட்டு ஓடினான். சூடாறுவதற்குள் பெட்டிகள் காலியாகிவிட்டன.

திரும்பும் வழியில் கேப்டன் வேனை ஓட்டினாள். ஷூக்காரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மேம்பாலம் தாண்டியதும் கேப்டன் கேட்டாள்:

"இத்தனை நாளா நான் வச்சதெல்லாம் எங்க போச்சு?"

"உங்க தம்பி வயித்துக்கு."

"அதான் அப்படி ஊதிப்போயிருக்கானா."

கேப்டன் கியரை மாற்றினாள். "பார்த்துப் பார்த்து நல்லதா எடுத்து வச்சேன்," என்றாள் கேப்டன். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தெரியும் அண்ணி. அதனாலதான் சொல்ல வாய் வரல. நீங்க ஊட்டாத குறையா வைக்கும்போது எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"வாயைத் திறந்து சொல்லணும். சுட்டுக் குடுத்திருப்பேன்ல."

"இனிமே சொல்றேன்."

"இன்னிக்கு ஊர் முன்னாடி சொன்னியே, அது போதும்," என்ற கேப்டனுக்கு ஷூக்காரி மென்ற அந்தத் தாடை ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஷூக்காரியும் சேர்ந்துகொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேப்டன் தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், அந்த மேற்குப் பக்கத்துக் கயிறு இருக்கு பாரு, அதைத் தொடாதே. அப்படியே வளரட்டும்... ஆமாடா, பெருசாத்தான்... எவ்வளவு பெருசா? இரு." அவள் போனைப் பக்கத்து சீட்டிலிருந்த ஷூக்காரியிடம் நீட்டினாள். "நீயே சொல்லு, எந்த சைஸ் வேணும்?"