நைனா என்று கூப்பிட்டால்

கவரைப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டில் அப்பாவும் நைனா, பிள்ளையும் நைனா. அப்பாவை நைனா என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பையன்களைச் செல்லமாக நைனா என்பதும் வழக்கம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்குக் கோமளா என்று பெயர். 'அவள்' என்று எழுதினால் அதற்கு மூஞ்சி சுருங்கிவிடும். அதனால் இப்போதைக்குப் பிள்ளை என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

சரியான பெயரைக் கண்டுபிடித்தவர் அப்பா சடையப்பன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் ஃபேக்டரியில் அவருக்கு வேலை. ஒருநாள் பொன்னேரி மார்க்கெட்டில் பிள்ளை கை நழுவிக் கூட்டத்தில் போய்விட, 'கோமளா, கோமளா' என்று தொண்டை வறளக் கத்தினார். கத்திரிக்காய்க் கடை முன்னால் நின்ற பிள்ளை அசையவே இல்லை. வாய் தவறி 'டேய் நைனா' என்றார். முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தது.

அன்றிலிருந்து அதுவே பேராகிவிட்டது. சாயங்காலம் சைக்கிளில் வரும்போதே குரல் வந்துவிடும். "இன்னா நைனா, துன்னியா?" பிள்ளை முன்கம்பியில் ஏறிக்கொள்ளும். கேட் மூடியிருந்தால் இன்னும் நல்லது. கூட்ஸ் வண்டி போய் முடிகிறவரை அப்பாவின் காக்கிச் சட்டையின் இரும்பு வாசனையில் சாய்ந்து கதை பேசலாம். அந்தச் சாயங்காலங்களைப் போல எதுவும் பிறகு வாய்க்கவில்லை. சலூனுக்கும் சேர்ந்தே போவார்கள், இரண்டு பேருக்கும் ஒரே கிராப்பு.

"பொம்பளப் புள்ளயப் போயி நைனான்றியே, பைத்தியமாய்யா நீ?" என்பாள் அம்மா முத்தம்மா.

"அப்டிக் கூப்ட்டாதான் திரும்புது. நான் இன்னா பண்ண?"

அந்த வருஷ மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து சடையப்பன் செத்துப்போனார். கொள்ளிச்சட்டியைச் சித்தப்பா மகன் தூக்கினான். "நான் தூக்கறேன்" என்ற பிள்ளையைப் பெண்கள் பக்கம் இழுத்து உட்காரவைத்தார்கள். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

ஒரு நைனா போனதும் இன்னொரு நைனாவும் போய்விட்டது. அப்படிக் கூப்பிட வீட்டில் ஆள் இல்லை. முடி வளர்ந்தது. அம்மா ரிப்பன் கட்ட உட்காரவைத்த ஒரு காலையில் பிள்ளை மெல்லச் சொன்னது: "நைனான்னு கூப்புடும்மா."

அப்பாவைத் தேடுகிறது என்று நினைத்தாள் அம்மா. "கூப்ட்டா வர்ற எடத்துலயா கண்ணு கீறாரு?" என்று கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கத் தெரியவில்லை. அப்பா வேண்டும் என்பதும் நிஜம்தானே.

பிறகு பள்ளியிலிருந்து ஆரோக்கியமேரி டீச்சர் சொல்லி அனுப்பினார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதே இல்லை, காதைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று. அம்மா பொன்னேரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, காதில் ஒரு குறையும் இல்லை என்றார்.

திரும்பும்போது ஸ்டேஷனில் சரியான கூட்டம். ட்ரெயின் வந்து நின்ற தள்ளுமுள்ளில் அம்மாவின் கை விட்டுப்போனது. பிள்ளைக்கு முன்னால் ஒரு காக்கிச் சட்டை போய்க்கொண்டிருந்தது. அதே முதுகு, அதே மாதிரி தோளில் சாப்பாட்டுப் பை. செத்தவர் வரமாட்டார் என்று பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கால் பின்னாலேயே போனது.

"கோமளா, கோமளா" என்று அம்மா கதறுவது கேட்கத்தான் செய்தது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தோன்றியது. காக்கிச் சட்டை பெட்டியில் ஏறப்போனது. பிள்ளையும் வாசல் கம்பியைப் பிடித்தது.

"நைனா, டேய் நைனா."

அம்மாவின் குரல்தான். அதுவரை அந்தக் குரலில் வராத சொல்.

பிளாட்பாரத்தில் நாலைந்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊர்க் கூட்டத்தில் நைனாக்களுக்கா பஞ்சம்? காக்கிச் சட்டைக்காரரும் திரும்பினார். வேறு மீசை, வேறு கண், யாரோ ஒருவர். அவர்களோடு சேர்ந்து, கம்பியை விட்டுவிட்டு, நம் பையனும் திரும்பினான்.

ட்ரெயின் போய்விட்டது. "நம்ம நைனான்னு நெனச்சேம்மா" என்று அவன், பெஞ்சில் உட்கார்ந்த அம்மாவின் மடியில் விழுந்து அழுதான். அப்பா போனதிலிருந்து அன்றைக்குத்தான் அப்படி வாய்விட்டு அழுதான்.

அம்மா அவன் காதைத் தடவிக்கொடுத்தாள். "உன் காது நல்லாத்தான்டா கீது, நைனா. நாந்தான் தப்பா கூப்ட்டுகினு இருந்தேன்."

அடுத்த ட்ரெயினுக்கு நேரம் இருந்தது. அவள் அவன் ரிப்பனை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஸ்டேஷனுக்கு வெளியே சலூன் திறந்திருந்தது. இரண்டு பேரும் அங்கே போனார்கள்.