எட்டு ஜிபி கேப்ஸ்யூல்

ஆபீசில் அவனுக்கு வைத்த பெயர் பேக்கப். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. யாருடைய கம்ப்யூட்டராவது மக்கர் செய்து அவன் அறைக் கதவைத் தட்டினால், என்ன ஆச்சு என்று கேட்கமாட்டான். "பேக்கப் இருக்கா?" என்றுதான் கேட்பான். இல்லை என்று சொன்னால் வந்தவர் கதி அதோகதி. ஒரே ஒரு காப்பி என்பது காப்பியே இல்லை, மூன்று வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கவேண்டும் என்று நிற்கவைத்து அரை மணி நேரம் பாடம் எடுப்பான். கணக்குப் பிரிவு அம்மாள் ஒருமுறை அழுதே விட்டார். பாவம், அவர் பிரின்டரில் பேப்பர் சிக்கியதைச் சொல்ல வந்தவர்.

அவனுக்கு அபிப்பிராயம் இல்லாத பொருள் உலகத்தில் இல்லை. கீபோர்டு என்றால் தட்டும்போது அடுத்த அறைக்குச் சத்தம் கேட்கவேண்டும். பேட்டரியைக் கழற்ற முடியாத போனைச் செய்தவன் அயோக்கியன். வருடத்துக்கு ஒரு போன் மாற்றுகிறவன் அந்த அயோக்கியனுக்குச் சோறு போடுகிறவன். எவ்வளவு பளபளத்தாலும் கதை இல்லாத கேம் குப்பை. நடுவில் சேவ் செய்ய விடாத கேமைச் செய்தவனை நாடு கடத்தவேண்டும். இதையெல்லாம் ஞாயிறுதோறும் தன் வலைத்தளத்தில் எழுதுவான். முந்நூறு பேர் படித்தார்கள். அதில் பாதிப் பேர் சண்டை போடுவதற்காகவே வருகிறவர்கள்.

கல்யாணம் ஆகவில்லை. இரண்டு அறை வீட்டில் நாலு கம்ப்யூட்டர், மூன்று கேம் பெட்டிகள், ஒரு நாற்காலி. அவன் பேச்சை முழுசாகக் கேட்கிற மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். எட்டு வயது மூத்த அண்ணன்.

அண்ணன் மருந்துக்கடையில் வேலை பார்த்தார். அவர் வாழ்நாளில் ஆடிய ஒரே கேம், லேப்டாப்போடு இலவசமாக வந்த சீட்டாட்டம். அதிலும் தோற்பார். ஆனால் தம்பி பேச ஆரம்பித்தால், கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடி, புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். முடிந்ததும், "இவ்ளோ விஷயம் உன் மண்டைக்குள்ள எப்படிடா நிக்குது" என்று நிஜமாகவே ஆச்சரியப்படுவார். அந்த ஆச்சரியத்துக்காகவே பேக்கப் வாரம் இரண்டு முறை கடைக்குப் போனான்.

போன வருடம் அண்ணனுக்குத் தொண்டை கம்மியது. மாத்திரை விற்கிறவருக்கு மாத்திரை தெரியாதா, அவரே எதையோ போட்டுக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினார். கடைசியில் டாக்டர் பார்த்து, குரல் பெட்டியையே எடுக்கவேண்டும் என்றார். உயிர் தங்கும், குரல் போகும்.

அந்த வாரம் அண்ணன் போன் செய்து, "டேய், நல்ல மைக் ஒண்ணு சொல்லு. சின்னதா இருந்தாப் போதும்" என்று கேட்டார். எதற்கு என்று பேக்கப் கேட்கவில்லை. எந்த மைக், ஏன் அந்த மைக், மற்ற மைக் வாங்குகிறவர்கள் ஏன் மடையர்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினான். அப்படியே பேக்கப் பாடத்தையும் இன்னொரு தரம் நடத்தி முடித்தான். அண்ணன் அவன் சொன்ன மைக்கையே வாங்கினார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான். அண்ணி கீழே பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தார். அண்ணன் தலையணைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். பாதி சிவப்பு, பாதி மஞ்சள், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கேப்ஸ்யூல்.

"என்னண்ணா, மாத்திரையா?"

"பென்டிரைவ்டா. மருந்து கம்பெனிக்காரன் கடைக்குக் குடுத்தது. இதுல வந்து..."

"எட்டு ஜிபி! அண்ணா, இது எந்தக் காலத்து சரக்கு தெரியுமா? இதுல ஒரு படத்தக் காப்பி பண்றதுக்குள்ள நடந்தே போய்க் கதையச் சொல்லிட்டு வந்துடலாம்."

"சரிடா, அத விடு. நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

எங்கே விட்டான்? இலவசமாகக் கொடுக்கிற பென்டிரைவில் என்னென்ன கழிவுச் சில்லு போடுகிறார்கள், எத்தனை தடவை எழுதினால் செத்துப்போகும் என்று ஆரம்பித்துவிட்டான். பயந்தால் அவனுக்குப் பேச்சு இன்னும் கூடும். அன்றைக்கு அவன் ரொம்பப் பயந்திருந்தான். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றபோது அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்ற இடத்துக்கு வந்திருந்தான். அண்ணன் சிரித்து, அவன் கன்னத்தில் லேசாகத் தட்டினார்.

"பத்திரமா வச்சுக்க. அப்புறம் சொல்றேன்."

அப்புறம் சொல்லக் குரல் இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். நாலாம் நாள் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

துக்கம் வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் குடிப்பார்கள். பேக்கப் ரிப்பேர் செய்தான். அண்ணி வீட்டு ஃபேன், மிக்ஸி, கதவு மணி என்று எல்லாவற்றையும் கழற்றி மாட்டினான். இரண்டாம் மாதம் அண்ணனின் லேப்டாப் கண்ணில் பட்டது. அவருடைய பதினொரு வயது மகள் பாப்பா பள்ளிக்கூடப் பாடத்துக்கு அதைத்தான் வைத்திருந்தாள். திறக்க ஆறு நிமிடம் ஆனது. உள்ளே பழைய காலத்து ஹார்ட் டிஸ்க், மாட்டு வண்டி. எடுத்துவிட்டுப் புதிய மின்னல் வேக டிஸ்க் போட முடிவு செய்தான்.

ஒழுங்காகத்தான் செய்தான். போட்டோக்கள், பத்திரங்கள், பாப்பாவின் பாடங்கள் எல்லாவற்றுக்கும் மூன்று காப்பி எடுத்தான். 'கடை பழைய பில்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணி, கடையோட பழைய பில் எல்லாம் வேணுமா?"

"அந்தக் குப்பை எதுக்கு? தூக்கிப் போடுங்க தம்பி."

பழைய டிஸ்க்கை அப்படியே எறிவது அவன் அகராதியில் குற்றம். எவனாவது எடுத்து நோண்டிவிட்டால்? அந்நியர் டிஸ்க் என்றால் ஒரு தடவை பூஜ்யம் எழுதி அழித்தால் போதும் என்பது அவன் கட்சி. அண்ணனுடையது என்பதால் ஏழு தடவை அழித்தான். பிறகு பிரித்து, கண்ணாடிபோல் மின்னிய உள்வட்டை எடுத்து, நடு ஓட்டையில் முள் பொருத்தி, சின்னக் கடிகாரம் செய்து பாப்பாவிடம் கொடுத்தான். "அப்பா கம்ப்யூட்டர்லேந்து செஞ்சது" என்று அவள் கூடத்துச் சுவரில் தன் கையாலேயே மாட்டினாள். அதைப் படம் எடுத்து வலைத்தளத்தில் போட்டான். இதுவரை அவன் எழுதியதிலேயே அதைத்தான் அதிகம் பேர் பாராட்டினார்கள்.

கேப்ஸ்யூல் அவன் ஆபீஸ் பையில்தான் கிடந்தது. அடுத்த மாதம் ஆபீசில் ஒருவன் கம்ப்யூட்டர் படுத்துவிட, புதிதாகச் சிஸ்டம் ஏற்றக் கைக்குக் கிடைத்த பென்டிரைவ் அதுதான். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. ஆயிரம் தடவை பார்த்த கேள்வி. அவன் விரல் தானாகவே பதில் சொன்னது.

ஒரு சனிக்கிழமை காலை கதவு மணி அடித்தது. அண்ணி நின்றிருந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தான். கையில் மருந்துக்கடை ஸ்டாக் நோட்டு. கடையில் கிடந்த அண்ணன் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்களாம், அதில் இருந்ததாம்.

"தம்பி, உங்கண்ணன் செஞ்ச வேலயப் பாருங்க! ஆபரேஷனுக்கு முன்னாடி பாப்பாவுக்காகப் பேசிப் பேசிப் பதிவு பண்ணி வச்சிருக்காரு. நாப்பத்திரண்டு!"

நோட்டில் அண்ணனின் கோணல் கையெழுத்தில் வரிசை எண் போட்டிருந்தது. 1. பன்னிரண்டாம் பிறந்தநாள். 7. கணக்கில் ஃபெயில் ஆனால் கேட்க. 8. பாஸ் ஆனாலும் கேட்கலாம். 19. அம்மாவோடு சண்டை போட்ட அன்று. 26. முதல் சம்பளம். 41. உன் கல்யாணம். 42. அம்மாவுக்கு மட்டும். அதற்குக் கீழே: 'லேப்டாப்பில் கடை பழைய பில் என்று போட்டிருக்கிறேன், யாரும் திறக்கமாட்டார்கள். இன்னொரு காப்பி தம்பி வீட்டில், கேப்ஸ்யூலில். அவன் சொன்னபடியே.'

பேக்கப் அந்தக் கடைசி வரிகளை இரண்டு முறை படித்தான். அண்ணிக்குப் பில் பேச்சு நினைவில் இல்லை. கேப்ஸ்யூல் என்ற வார்த்தையிலேயே அவர் மனசு நின்றுவிட்டது.

"உங்ககிட்ட இருக்குல்ல தம்பி? வர்ற வெள்ளிக்கிழமதான் பாப்பாவுக்குப் பொறந்தநாள்."

"இருக்கு அண்ணி" என்றான். "தேடி எடுத்துட்டு வரேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. அண்ணி போனதும் கதவைச் சாத்திவிட்டு, கேப்ஸ்யூலைத் தேடி எடுத்து, மீட்கிற மென்பொருள் ஒன்றுவிடாமல் ஓட்டினான். சனி போயிற்று, ஞாயிறு போயிற்று. அன்றைக்கு வலைத்தளத்தில் எதுவும் எழுதவில்லை. மேலே எழுதிய சிஸ்டம் எட்டு ஜிபியை ஏறக்குறைய நிரப்பியிருந்தது. வாலில் கொஞ்சம் இடம் மிச்சம். அதில் சில துண்டுகள் வந்தன. திறந்தால் இரைச்சல். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய், நாற்காலியில் உட்கார்ந்து "அண்ணா, அண்ணா" என்று அழுதது. எல்லாவற்றையும்விட அவனை அறுத்தது ஒன்றுதான். அண்ணனுக்குக் குரல் இருந்த கடைசிச் சாயங்காலம், அவர் இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தார். இரண்டு தடவையும் பேசியது இவன்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரே ஒரு கோப்பு முழுசாகத் திறந்தது. பத்தொன்பது நொடி. நாற்பத்திரண்டில் அது இல்லை. முதல்முதலில் மைக்கைச் சோதித்தபோது பதிவானது.

மறுநாளும் லீவு போட்டுவிட்டு, பாப்பா பள்ளியில் இருக்கிற நேரமாகப் பார்த்து அண்ணி வீட்டுக்குப் போனான். கூடத்துச் சுவரில் கடிகாரம் இரண்டே முக்கால் காட்டியது. உட்காராமலேயே சொன்னான். கேப்ஸ்யூலில் தான் என்ன செய்தான், லேப்டாப்பில் என்ன செய்தான், எல்லாம். இவ்வளவு சுருக்கமாக அவன் எதையும் சொன்னதில்லை. அண்ணி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

"அப்ப, அந்தக் கடிகாரத்துலதான் இருந்துச்சா?"

"ஆமா அண்ணி."

"அதுலேந்து எடுக்க முடியாதா? நீங்க நெனச்சா முடியும் தம்பி."

"முடியாது."

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நாப்பத்திரண்டாவதுல என்ன சொல்லியிருப்பாரு" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில், "குப்பைன்னு நானும்தான் சொன்னேன். சமையக்கட்டுலேந்து, திரும்பிக்கூடப் பாக்காம" என்றார். பில் பேச்சு இப்போது நினைவு வந்திருந்தது.

"நீங்க பில்லத்தான் சொன்னீங்க அண்ணி. திறந்து பாத்திருக்க வேண்டியது நான்."

அழுகை அடங்கியதும் போனை எடுத்து மேசையில் வைத்தான். "இது ஒண்ணுதான் கெடச்சுது" என்று ஓடவிட்டான்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். அந்தக் கம்மிய குரல் கூடத்துக்குள் வந்ததும் அண்ணி மேசையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஹலோ... ஹலோ. ஏறுதான்னு தெரியல. தம்பியக் கேட்டா அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணுவான். பரவால்ல, சுகமாத்தான் இருக்கும். எதுக்கும் அவன்கிட்ட ஒரு காப்பி குடுத்து வச்சிடணும். அவன் எதையும் தொலைக்க மாட்டான்."

அண்ணி மூன்று தடவை போடச் சொன்னார். மூன்றாம் தடவை முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பாப்பாகிட்ட இதக் குடுக்கறப்போ அந்தக் கடைசி ரெண்டு வரிய வெட்டிடுங்க தம்பி. அவ வளந்து இதக் கேக்கறப்போ உங்களப் பத்தி என்ன நெனப்பா? அவளுக்கு இருக்கறது ஒரே சித்தப்பா."

வெட்டுவது அவனுக்கு அரை நிமிட வேலை. வெட்டிய இடம் யாருக்கும் தெரியாதபடி செய்யத் தெரியும். திரையில் அண்ணனின் குரல் ஒரு கோடாக ஓடி நின்றிருந்தது. அந்தக் கடைசி இரண்டு வரி மட்டும் ஆறு நொடி.

"வேணாம் அண்ணி. அண்ணன் குரல் பத்தொன்பது நொடிதான் இருக்கு. என்னால இனிமே ஒரு நொடியக்கூட அழிக்க முடியாது."

"அப்ப பாப்பாகிட்ட என்ன சொல்றது?"

"நானே சொல்றேன். வரட்டும்."

அண்ணி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பள்ளி வண்டி நாலு மணிக்கு வரும். பேக்கப் அண்ணியின் போனில் ஒரு காப்பி போட்டான், லேப்டாப்பில் ஒன்று போட்டான், ஒவ்வொன்றையும் திறந்து கடைசி வார்த்தைவரை ஓடுகிறதா என்று பார்த்தான். பிறகு சுவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அண்ணன் கடிகாரத்தில் நாலு மணி ஆவதற்காகக் காத்திருந்தான்.