முனியாண்டிக்கு வேலை போனது

கோலசிலாங்கூர் அலையாத்திக் காட்டைக் காப்பாற்றக் கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டிலிருந்து நிதி வந்தபோது காளியண்ணனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கொக்குக்கும் நண்டுக்கும் யாரோ பணம் கொடுத்துவிட்டுப் போகட்டும், அதில் அவனுக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் காட்டைச் சுற்றி அவர்கள் போட்ட எல்லைக்குள், ஆற்றங்கரை மேட்டில் தகரக் கூரையோடு இருந்த முனியாண்டி கோயிலும் மாட்டிக்கொண்டது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றி லோரி ஓட்டும் காளியண்ணன்தான் வெள்ளிக்கிழமை தோறும் அங்கே பூசை போடுகிறவன். அந்தக் கோயிலை இடிப்பார்கள் என்று நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

திட்ட அலுவலகத்தில் வேலை பார்த்த ரவாங் ஊர்க்காரன் தேவதாஸ் கையைப் பிசைந்தான்.

"அண்ணே, பவுண்டரிக்குள்ள கட்டடமே இருக்கக் கூடாதுன்னு ரூல்ஸ். காவக்காரர் கொட்டகை மட்டும்தான் ஓகே."

"அப்ப இது காவக்காரர் கொட்டகைதான்."

"காவக்காரர் யாரு?"

காளியண்ணன் முனியாண்டியைக் காட்டினான். முறுக்கிய மீசை, கையில் அரிவாள், இமைக்காத கண். ஒரு காவலாளிக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

தேவதாஸ் இதை ஒளிவுமறைவில்லாமல் வெள்ளைக்கார அதிகாரியிடம் சொன்னான். சிரிப்பார் என்று பார்த்தால் மனுஷர் உருகிப்போனார். உள்ளூர் மக்களின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று போன மாதம்தான் ஒரு கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்திருந்தாராம். அன்றே முனியாண்டிக்கு வேலை கிடைத்தது.

காக்கிச் சட்டையும் மழைக்கோட்டும் வந்தன. பூட்ஸுக்கு அளவு கேட்டார்கள். "அவரு கால மடக்கி உக்காந்திருக்காரு லா, எப்படிப் போடுறது?" என்று காளியண்ணன் சொல்ல, பூட்ஸ் போடாமல் வேலை பார்க்கத் தலைமை அலுவலகம் தனி அனுமதி கொடுத்தது. சம்பளத்துக்குப் பதிலாகச் சுருட்டும் ஸ்டவுட் பீர் போத்தலும் வாராவாரம் வந்தன. மருத்துவப் பரிசோதனைக்கு மட்டும் அவர் போகவில்லை.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மரம் வெட்டவும் கொக்கு சுடவும் வந்தவர்கள் காக்கி போட்ட முனியைப் பார்த்ததும் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினார்கள். வெறும் முனி என்றால் ஒரு கோழியை அறுத்துச் சமாதானம் பேசிக்கொள்ளலாம். சட்டை போட்ட முனி கேஸ் போட்டுவிட்டால் என்ன செய்வது? நிதி வாங்கும் காடுகளிலேயே ஒருவர்கூட அத்துமீறாத காடு இதுதான் என்று பாராட்டு வந்தது. காளியண்ணன் மனைவி அம்சவள்ளிக்கு இது வசதியாகப் போயிற்று. "ஒங்கள விட ஒங்க சாமிதான் உருப்படியா வேல பாக்குது" என்று இடித்துக்காட்டினாள்.

சில வருஷங்களில் நிதி நின்றது. கொடுத்தவர்களுக்கு வேறு ஏதோ கடலில் ஆமைகள்மேல் பிரியம் வந்துவிட்டதாம். வெள்ளைக்காரர் கேக்கோடு வந்து, முனியாண்டிக்கு மாலை போட்டு, கைதட்டி ஓய்வு கொடுத்தார். பிறகு தேவதாஸ் தொண்டையைச் செருமினான்.

"அண்ணே, அவரு வேல முடிஞ்சுபோச்சு. கொட்டகைய மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுக்கணுமாம்."

கேக் தின்றுகொண்டிருந்த காளியண்ணனுக்கு முகம் செத்துப்போனது. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் அவன் அப்பாவுக்கு வயதாகி வேலை நின்ற அன்று, லயத்து வீட்டு வாசலில் நின்று தோட்டத்துக் கணக்கரான கிராணியும் இதையேதான் சொன்னார். வீட்டில் யாராவது வேலைக்குப் பேர் கொடுத்திருந்தால் வீடு நிலைத்திருக்கும். காளியண்ணன் அப்போது பள்ளிக்கூடப் பையன். அப்பா கடைசிவரை சொந்தக்காரர்கள் வீட்டு அஞ்சடித் திண்ணையில் படுத்துக் கிடந்துதான் செத்தார்.

"மகன் வேலைக்குப் பேர் குடுத்தா வூடு இருக்கும்தான?" என்றான்.

"தோட்டத்துல அப்படித்தான். சாமிக்கு ஏதுண்ணே மகன்?"

"நான்தான். பொறந்த ஒடனே சாவக் கெடந்தேன்னு எங்கம்மா என்னய இவரு காலடியில போட்டு, இனி ஒம் புள்ளன்னு தத்துக் குடுத்துருச்சு. கம்பத்து ஊர்சனத்துல யார வேணும்னாலும் கேளு. டுயிட், சம்பளம் ஒண்ணும் வேணாம், காவலுக்கு நான் வர்றேன். இந்த அப்பனயாச்சும் வெளிய அனுப்ப மாட்டேன்."

தேவதாஸ் மொழிபெயர்த்தான். வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. கடைசி அறிக்கையில் காவல் இல்லாத காடு என்று எழுதினால் திட்டம் தோல்வி, அவருக்கும் வேலை போய்விடும். பிறகு அவர் சொன்னதைத் தேவதாஸ் தமிழில் சொன்னான்.

"இனிமே நீங்கதான் காவக்காரராம். கொட்டகையில தங்கிக்கலாம். வயசான அப்பாவயும் கூட வச்சுக்கலாமாம், தடையில்லயாம்."

காளியண்ணன் வாய்விட்டு அழுதான். அப்பாவை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.